பயணத்தில் பொருட்காவலும் கள்ளாமை விரதமும்



விடுமுறைக் காலம் வந்துவிட்டால் நம் குடும்பங்கள் பல தென்குமரி நோக்கிப் புறப்படுகின்றன. மார்த்தாண்டத்திற்கு அருகிலுள்ள சிதறால் திருச்சாரணத்து மலையில் ஏறித் தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசிக்கிறோம். நாகர்கோவில் நாகராசர் கோயில் மண்டபத் தூண்களில் பார்சுவநாதரையும் மகாவீரரையும் கண்டு கைகூப்புகிறோம். மாலையில் முட்டம், கடியப்பட்டணம் கடற்கரையோரம் தங்கிக் குழந்தைகளோடு அலைகளைக் கண்டு மகிழ்கிறோம். ஊர் திரும்பியபின், "விடுதியில் வளையல் போயிற்று, கைப்பேசி போயிற்று" என்ற முறையீடுகளும் சில சமயம் செவியில் விழுகின்றன. ஆதலின் இம்முறை பயணத்தில் பொருளைக் காப்பது எவ்வாறு என்பதை அறநூல்களின் ஒளியில் சிந்திப்போம்.

இதில் இருவகை மனப்போக்கினர் உளர். "போகவேண்டியது வினைப்படி போகும், பூட்டு எதற்கு?" என்பார் ஒரு சாரார். மற்றொரு சாரார் மலைமேல் நின்று பகவானை வணங்கும்போதும் கீழே அறையில் வைத்த பையையே வணங்கிக்கொண்டிருப்பர். இவ்விரண்டும் நம் நெறியன்று.

களவு ஏன் பாவம்? பொருள் மனிதனின் புறவுயிர் போன்றது. அதைப் பறிப்பவன் உயிரையே வருத்துகிறான் என்று அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் விளக்குகிறார். எனவே களவும் ஒருவகை இம்சையே. இல்லறத்தான் தன் பொருளைக் காப்பது பேராசை ஆகாது; தன் குடும்பத்திற்கு நேரும் துன்பத்தைத் தடுப்பதும், வறுமையால் தடுமாறும் ஒருவனுக்குப் பாவம் செய்யும் வாய்ப்பை அளிக்காதிருப்பதும் ஆகும். திறந்த மேசையில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டுக் கடலாடச் செல்வது துறவன்று, அது மறதி. நம் நூல்கள் அதற்கு இட்ட பெயர் பிரமாதம்.

ஆயினும் தத்துவார்த்த சூத்திரம் மற்றோர் எச்சரிக்கையும் தருகிறது. ரௌத்திர தியானம் நான்கு வகை. கொலை, பொய், களவு இவற்றில் ஊன்றிய எண்ணங்கள் மூன்று. நான்காவது யாது? பொருளைக் காப்பதிலேயே ஊன்றிய கொடிய எண்ணம். கள்வன் நெஞ்சில் எரியும் தீயும், உடைமைக்காரன் நெஞ்சில் இரவெல்லாம் எரியும் தீயும் ஒரே பட்டியலில் வைக்கப்பட்டுள்ளன! ஆகவே நாம் கற்கவேண்டிய கலை இதுவே: காவலைக் கை செய்யட்டும், நெஞ்சு அதில் சிக்காதிருக்கட்டும். இதற்கு நான்கு படிகள் உண்டு.

முதற்படி, குறைத்தல். பரிக்கிரக பரிமாணம் என்னும் அளவு விரதத்தை வீட்டில் மட்டுமன்றிப் பயணப் பெட்டியிலும் கடைப்பிடிக்கலாம். திருச்சாரணத்து மலைக் கல்வெட்டொன்று, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்தியார் அம்மலைத் திருக்கோயிலுக்குப் பொன்னணி வழங்கியதைச் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பெயர் நிற்கிறது. அந்த அம்மையார் பொன்னைக் கொடுத்துவிட்டு இறங்கிய மலையில், நாம் பொன்னைச் சுமந்து ஏறி, அச்சத்தையும் சுமந்து இறங்குவானேன்? சகோதரிகளே, நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வாருங்கள். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, வங்கியின் கவனக்குறைவாலோ ஊழியர் மோசடியாலோ பெட்டகப் பொருள் களவு போனால், ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். விடுதி அறைக்கு இந்த உறுதி இல்லை.

இரண்டாம் படி, விழிப்பு. கொண்டுவந்த பணத்தை ஒரே பையில் வையாது இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வையுங்கள். அறைக்குள் நுழைந்ததும் கதவுத் தாழ், சன்னல் கொக்கி, மாடிமுகப்புக் கதவு ஆகியவற்றைப் பாருங்கள். அறையில் எண்பூட்டுப் பெட்டகம் இருப்பின் புதிய எண்ணை இடுங்கள். பிறந்த ஆண்டும் 1234உம் வேண்டா. எண்ணை மறந்தவர்க்குத் திறந்து கொடுக்க நிர்வாகத்திடம் மாற்று வழி இருக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். விலையுயர்ந்த பொருளாயின் அலுவலகத்தில் ஒப்படைத்து, பொருளின் பெயரும் எண்ணிக்கையும் எழுதிய ரசீது பெறுங்கள். கைப்பேசியில் நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணைக் குறித்து வீட்டில் வையுங்கள். கைப்பேசி தொலைந்தால், காவல் நிலையத்தில் புகார் அளித்தபின், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவ்வெண்ணைக் கொண்டு அதை முடக்கலாம். கடலில் இறங்குவோர் மோதிரத்தையும் சங்கிலியையும் கழற்றி, கரையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துச் செல்க. அலை கொண்டுபோனதற்குக் காவல் நிலையம் இல்லை.

மூன்றாம் படி, நம் கையைக் காத்தல். பிறர் களவைப் பேசும் நாம் நம் விரதத்தையும் பார்க்கவேண்டாவா? பிறர் வைத்ததை, தவறவிட்டதை, மறந்துபோனதை, அவர் கொடாதபோது தானும் எடாமல் பிறர்க்கும் கொடாமல் இருப்பதே கள்ளாமை என்று சமந்தபத்திர ஆசாரியர் வகுத்தார். தமிழில் அருங்கலச்செப்பும் அவ்வழியிலேயே செல்கிறது. இவ்விலக்கணத்தை விடுதி அறையில் வைத்துப் பாருங்கள். அங்குள்ள துண்டும், தேநீர்க் கரண்டியும், முன்பு தங்கியவர் அலமாரியில் மறந்த கடிகாரமும் நமக்குக் கொடுக்கப்படாதவை. "கட்டணத்தில் சேர்ந்ததுதானே" என்று துண்டை மடித்துப் பெட்டியில் வைக்கும் தாயைக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆயிரம் அறவுரை அந்த ஒரு காட்சியை அழிக்காது.

நான்காம் படி, நாவைக் காத்தல். பொருள் காணாவிடில் முதலில் எவர்மீது பழி விழுகிறது? அறை பெருக்கிய பெண்மீது. வகுப்பறையில் பல்லாண்டு நின்ற நாம் அறிவோம்: பென்சில் ஒன்று காணாமற்போனால் எல்லாக் கண்களும் கிழிந்த சட்டைக்காரப் பையனையே நோக்கும், பென்சில் பெரும்பாலும் உரியவன் பையின் அடியிலேயே கிடக்கும். கடியப்பட்டணம் போன்ற கரையூர்களில் வள்ளமும் கட்டுமரமும் வலையும் திறந்த மணலிலே கிடக்கின்றன. ஒருவரையொருவர் நம்பியே அவர்கள் வாழ்கிறார்கள். அத்தகைய ஊரிலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண்ணுக்குப் பெயரே முதல். அதுவும் ஒரு புறவுயிரே. ஆதாரமின்றி அதைப் பறிப்பது வளையலைப் பறிப்பதினும் கொடிது. சிலப்பதிகாரத்தை எண்ணுங்கள். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது அரசன் இட்ட ஆணையால் கோவலன் கள்வனென்று கொல்லப்பட்டான். அவனை நம்பி மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்த நம் கவுந்தியடிகள், அச்செய்தி கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். ஆராயாத ஒரு சொல் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிற்று!

ஆகவே பொருள் காணாவிடில் முதலில் நம் பெட்டிகளைக் கொட்டித் தேடுவோம். பிறகு மேலாளரிடம் எவர் பெயரையும் சுட்டாது எழுத்தில் தெரிவிப்போம். களவு என்பது தெளிவாயின் 112 என்ற எண்ணை அழைத்து, காவல் நிலையத்தில் புகார் அளித்துப் பதிவு நகல் பெறுவோம். ஆராய்வது அவர்கள் கடமை. முறைப்படி உரிமை கேட்பது கோபமன்று. ஒப்படைக்கப்பட்ட பொருளை, அறிவுள்ள ஒருவன் தன் பொருளைக் காப்பதுபோல் காக்கவேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. 1998இல் டில்லி தாஜ்மகால் ஓட்டலில் ஊழியரிடம் நிறுத்தக் கொடுத்த கார் களவுபோன வழக்கில், கவனக்குறைவு இருக்கும்போது "உரிமையாளர் பொறுப்பு" என்ற அறிவிப்பைக் காட்டி மட்டும் விடுதி தப்ப இயலாது என்று 2019 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரசீது பெற்று ஒப்படையுங்கள் என்று மேலே சொன்னதன் பயன் இதுவே.

இவ்வளவும் செய்தபின்னும் பொருள் திரும்பாவிடில்? அப்போதுதான் வினைக் கொள்கையை நினைக்கவேண்டும்; பூட்டுவதற்கு முன்பு அன்று. முயற்சிக்குப் பின் வரும் பொறுமையே பொறுமை. போனது புறப்பொருள். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளை எக்கள்வனும் எடுத்ததில்லை. சினமும் ஐயமும் கொண்டு நாமே தொலைத்தால்தான் அவை தொலையும். அடுத்த பயணத்திற்குப் பெட்டி கட்டும்போது இதனைக் குழந்தைகளுக்கும் எடுத்துரைப்போமாக.

வாழ்க அருகன் அறம்! வளர்க நல்லறம்!