பணிவிடை செய்வார்க்குத் துணை யார்?

நோயுற்றோர்க்கும் முதியோர்க்கும் செய்யும் பணிவிடையை வையாவிருத்தியம் என்னும் பெயரால் அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்தது ஜினாகமம். உத்தாயன மன்னன் வரலாறு நம்மவர் பலரும் கேட்டதே. நோய்கொண்ட முனிவர் வடிவில் வந்த தேவன் தன்மேல் உமிழ்ந்தபோதும் அம்மன்னன் அருவருக்கவில்லை. தான் இட்ட உணவே ஒவ்வாது போயிற்றோ என்று நொந்து, அவர் உடலைத் தூய்மை செய்தான். ஆயினும் அச்சோதனை ஒரு பொழுதில் முடிந்தது. புற்றுநோயாலோ பக்கவாதத்தாலோ படுத்துவிட்ட மாமியாரையோ கணவரையோ காக்கும் பெண்ணுக்கு அது மாதக் கணக்கில் நீள்கிறது. (பெண் என்றே எழுதுகிறேன். ஆடவர் இப்பணியை மேற்கொண்ட வீடுகள் எத்தனை என்று வாசகரே எண்ணிக் கொள்ளலாம்.)

நள்ளிரவில் அவளுக்கு ஓர் எண்ணம் தோன்றும்: "இது விரைவில் முடிந்துவிடாதா?" மறுகணமே நடுங்குவாள். ஓர் உயிரின் முடிவை விரும்பியது மனத்தால் செய்த இம்சை அன்றோ?

எளிதாக விடை கூற இயலாத வினா இது. நோயாளியின் வேதனை தீரவேண்டும் என்ற விருப்பமும் தன் சுமை இறங்கவேண்டும் என்ற விருப்பமும் அவ்வெண்ணத்துள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறியும் தெளிவு உறக்கமற்ற மனத்துக்கு இராது. ஆனால் இம்சைக்கு வேர் பிரமாதம் என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. படுக்கைப்புண் வாராதபடி மணிக்கணக்கு வைத்துப் புரட்டிப் படுக்கவைப்பவளிடம் அந்த அசட்டை எங்கே இருக்கிறது? அவளுக்கு நேர்ந்தது ஆர்த்தத் தியானம்; துன்பத்தில் அழுந்திய உள்ளத்தின் புலம்பல். அது நன்றன்று, விலக்கத் தக்கதே. ஆனால் அதற்குக் காரணம் அவளைத் தனியே விட்டவர்கள். செய்தல், செய்வித்தல், உடன்படல் என வினை மூவகையாலும் வந்து சேரும் என்று கற்ற நாம், அண்டை வீட்டில் ஒருத்தி நைந்து போவதைக் கண்டும் வாளாவிருந்தால், அது எவ்வகையில் அடங்கும்?

சிவாரியர் இயற்றிய பகவதீ ஆராதனை இதனை நன்கு உணர்ந்த நூல். சல்லேகனை ஏற்ற முனிவர்க்குத் துணைநிற்கும் நிர்யாபகர் 48 பேர் என்று அது கூறுகிறது. நால்வர் நால்வராகப் பணி பகுக்கப்படுகிறது: உடலைத் தாங்கித் திருப்ப நால்வர், அறவுரை கூற நால்வர், மலசலம் அகற்ற நால்வர், இரவில் விழித்திருக்க நால்வர், காணவருவோரிடம் பேசவும் தனியே நால்வர். காலம் வாய்க்காவிடில் எண்ணிக்கை குறையலாம், இருவருக்குக் குறையலாகாது. தனியொருவர் நின்றால் தம்மைக் கைவிடுவார், அன்றேல் நோற்பவரைக் கைவிடுவார் என்பதே நூல் காட்டும் காரணம்.

நம் வீட்டு நோயாளி சல்லேகனை ஏற்றவர் அல்லர் என்பது உண்மையே. ஆயினும் பணியின் பளு வேறன்று. அந்த 48 பேர் வேலையையும் ஒருத்தி செய்கிறாள்; நலம் விசாரிக்க வரும் ஒவ்வொருவருக்கும் நோயின் கதையை முதலிலிருந்து சொல்லும் வேலை உட்பட.

துன்பம் தாங்குவது வினை உதிர்ப்புத்தானே, அதை ஏன் பங்கிடவேண்டும் என்பாரும் உளர். விரும்பி ஏற்பதே தவம். வேறு வழியின்றிச் சுமப்பது அகாம நிர்ஜரை. அதன் பயன் சிறிது. பிறர் தோள் கொடுக்கும்போதுதான் அவள் பணி விருப்பத்தோடு செய்யும் தவமாகும்.

கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் அக்கம்பக்கத்துத் தொண்டர்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கே அனுப்பிக் காட்டியது. தமிழகத்தில் 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இத்தகைய ஆதரவுச் சிகிச்சை சேர்க்கப்பட்டது. வலிக்கு மருந்தும் புண்ணுக்குக் கட்டும் அவர்களிடம் கேட்கலாம்.

நாம் செய்யக் கூடியது வேறு. இரவுணவு நீத்த நம் குடும்பங்களில், கதிரவன் மறையும் வேளையில் நோயாளிக்கு மூச்சு முட்டினாலோ துணி மாற்ற நேர்ந்தாலோ, அவளுக்கு அன்றைய உணவு போயிற்று; மறுநாள் காலைவரை பட்டினி. அதை நோன்பென்று எவரும் கணக்கில் வைப்பதும் இல்லை. மாலை ஐந்து மணிக்கு ஒருவர் சென்று, "நீ போய் உண்டு வா, அம்மா, நான் இருக்கிறேன்" என்று கட்டிலருகே அமரலாம். கிராமத்தில் பத்து வீடுகள் இருந்தால் ஒரு வீட்டுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் முறை வரும். வாரத்தில் இரண்டு இரவேனும் விழித்திருக்க வேறொருவர் வேண்டும். அதற்கு ஆடவரே முன்வரலாம்.