விட்டிலும் விளக்கும்

மும்பையில் சயானையும் பாந்த்ராவையும் இணைக்கும் சாலையில் வாகனங்களின் இரைச்சல் ஓய்வதே இல்லை. ஒருபுறம் தாராவியின் நெருக்கமான குடியிருப்புகள். மறுபுறம் மித்தி ஆறு. இவற்றுக்கு இடையே சுமார் 37 ஏக்கர் பரப்பில் பசுமையான வனம் ஒன்று நிற்கிறது. மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா என்பது அதன் பெயர். ஒரு காலத்தில் அந்த இடம் நகரத்தின் குப்பைமேடு. 1983-ஆம் ஆண்டு பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் முன்னிலையில் அங்கே மரம் நடும் பணி தொடங்கியது. 1994-இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. வேண்டாதவை என்று மனிதர்கள் வீசியெறிந்தவற்றின் மேல் இன்று வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன.

அவற்றைப் படம் எடுக்க மேக்ரோ லென்ஸ் பொருத்திய காமிராவுடன் அன்பர்கள் வருவதுண்டு. செடியருகே மண்டியிட்டு, மூச்சை அடக்கி, அசையாமல் அவர்கள் காத்திருக்கும் காட்சி, ஒரு சாதகன் ஆசனத்தில் அமர்ந்திருப்பதை நினைவூட்டும். அந்தப் பயிற்சியில் ஆன்மிக வாழ்வுக்கு உதவும் பாடங்கள் பல உள்ளன.

அவதூதரின் ஆசான்கள்

ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராவது ஸ்கந்தத்தில் அவதூதர் ஒருவரை யது மன்னன் சந்திக்கிறான். கவலையின்றி ஆனந்தமாகத் திரியும் அவரிடம், இந்நிலை எப்படி வாய்த்தது என்று கேட்கிறான். தமக்கு இருபத்துநான்கு ஆசான்கள் உண்டு என்று அவர் விடையளிக்கிறார். அந்த வரிசையில் பூமியும் வானமும் இருக்கின்றன. கடலும் சூரியனும் இருக்கின்றன. அவற்றோடு தேனீயும் விட்டிலும் குளவியும் இடம் பெறுகின்றன!

எந்தத் தேனீயும் அவதூதரை அழைத்து உபதேசம் செய்யவில்லை. அவர் பார்த்தார், கற்றார். நாமும் தினந்தோறும் தேனீயைக் காண்கிறோம். ஆனால் கற்பதில்லை. காரணம், நாம் காண்பது கண்ணால் மட்டுமே. மனம் வேறெங்கோ இருக்கிறது.

அம்பு செய்பவனின் மனம்

மேக்ரோ லென்ஸ் சிறிய பொருளை மிக அருகிலிருந்து பெரிதாகக் காட்டுகிறது. அதற்கு ஈடாக அது ஒரு நிபந்தனையும் விதிக்கிறது. பூச்சி தன் உண்மை அளவிலேயே பதிவாகும் அளவுக்கு நெருங்கும்போது, தெளிவாகத் தெரியும் பகுதியின் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர்தான். தட்டானின் கண் தெளிவாக இருந்தால் வால் மங்கிவிடும். சில தட்டான் இனங்களில் ஒரு கண்ணிலேயே சுமார் 30,000 சிறு கண்கள் அடுக்கப்பட்டுள்ளன. அந்த அற்புதத்தைப் படமாக்க வேண்டுமானால், படம் எடுப்பவரின் உடல் மயிரிழை அளவுகூட முன்னும் பின்னும் அசையக் கூடாது. ஒரு மூச்சு போதும், எல்லாம் மங்கிவிட.

அவதூதரின் ஆசான்களில் அம்பு செய்பவன் ஒருவனும் உண்டு. அரசனின் ஊர்வலம் முழக்கத்தோடு அருகே சென்றபோதும் அவன் அதை அறியவில்லை. அவன் மனம் அம்பில் நிலைத்திருந்தது. பூங்காவின் மதிலுக்கு வெளியே பேருந்து ஒலிக்கிறது, லாரி உறுமுகிறது. தட்டானின் கண்ணில் ஒன்றிய மனத்துக்கு அவை கேட்பதில்லை. மன ஒருமைப்பாட்டுக்கு மலைக்குகைதான் வேண்டும் என்பதில்லை. தாராவியின் ஓரத்திலும் அது கைகூடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. படம் எடுப்பவரின் நிழல் பூச்சியின் மீது விழுந்தால் அது பறந்துவிடும். எனவே அவர் முதலில் கவனிக்க வேண்டியது தம் நிழல் எங்கே விழுகிறது என்பதைத்தான். சாதகனின் நிலையும் இதுவே அல்லவா? 'நான்' என்னும் நிழல் விழுந்த இடத்திலிருந்து உண்மை விலகிச் சென்றுவிடுகிறது.

விட்டில் செய்யும் பிழை

ஒருமைப்பாடு மட்டும் போதுமா? விளக்கைச் சுற்றும் விட்டிலுக்கும் ஒருமைப்பாடு இருக்கிறது. ஆனால் அது அழிகிறது. புலன்களை வெல்லாதவன் உருவ அழகில் மயங்கி, தீயில் விழும் விட்டிலைப்போல் வீழ்கிறான் என்பதே அவதூதர் அதனிடம் கற்ற பாடம்.

விட்டில் ஏன் விளக்கை நாடுகிறது என்ற கேள்வியை அண்மையில் விஞ்ஞானிகளும் ஆராய்ந்தனர். அதிவேகக் காமிராக்களால் விளக்கருகே பறக்கும் பூச்சிகளைப் படம்பிடித்து, 2024-ஆம் ஆண்டு தங்கள் முடிவை வெளியிட்டனர். பூச்சிகள் விளக்கை நோக்கி நேராகப் பாய்வதில்லை. தங்கள் முதுகை விளக்கின் பக்கம் திருப்புகின்றன என்பது அந்தப் படங்களில் தெரிந்தது. இரவில் பூமியைவிட வானம் வெளிச்சமானது. வெளிச்சம் இருக்கும் பக்கமே மேல்பக்கம் என்று கொண்டு, அதற்கு முதுகு காட்டிப் பறப்பது அவற்றின் இயல்பு. மனிதன் ஏற்றிய விளக்கு அருகில் வந்தவுடன் அந்தக் கணக்கு பிழைக்கிறது. விளக்குக்கு மேலே பறக்கும் பூச்சி தலைகீழாகப் புரண்டு விழுகிறது. பக்கவாட்டில் பறப்பது, விலக முடியாமல் சுற்றிச் சுற்றி வருகிறது.

அவதூதரின் பாடம் இதனால் பொய்யாகிவிடவில்லை, மேலும் ஆழமாகிறது. விட்டில் தேடியது வானத்தை. அது அகப்பட்டது விளக்கிடம். சிறிய ஒளியைப் பேரொளி என்று எண்ணியதே அதன் மயக்கம். மனிதனும் தேடுவது குறைவில்லாத ஆனந்தத்தையே. ஆனால் பொருள், புகழ், பாராட்டு என்று அருகில் எரியும் விளக்குகளை வானமாகக் கொண்டு, அவற்றைச் சுற்றிச் சுற்றிக் களைத்துப்போகிறான். விட்டிலைக் கண்டு இகழ நமக்கு உரிமை இல்லை, இரங்கவே வேண்டும்.

எடுப்பதா, காண்பதா?

படம் எடுப்பவருக்கும் அத்தகைய விளக்கு ஒன்று உண்டு, அதுதான் படம். பிறர் வியக்கும் படம் வேண்டும் என்ற வேகத்தில் சிலர் பூச்சியைப் பிடித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, அது விறைத்து அசைவற்றிருக்கும்போது படம் எடுக்கிறார்கள். படம் தெளிவாகத்தான் வரும். ஆனால் எடுத்தவரின் பார்வை?

தேனீயிடம் அவதூதர் கற்றது வேறு. அது மலருக்கு ஊறு செய்யாமல், ஒவ்வொன்றிலிருந்தும் சிறிதளவே எடுக்கிறது. அதே தேனீயிடம் அவர் ஓர் எச்சரிக்கையையும் கற்றார்: சேர்த்துக் குவித்தால் அந்தச் சேமிப்பே அழிவைக் கொண்டுவரும். ஆயிரம் படங்களைக் குவித்து ஒன்றையும் நின்று பார்க்காதவரைவிட, ஒரு படமும் கிடைக்காமல், கால்மணி நேரம் ஓர் உயிரோடு ஒன்றியிருந்து வீடு திரும்பியவர் அதிகம் பெற்றவர்.

இதற்குக் காமிராகூடத் தேவையில்லை. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கக்கூடும். அதன் இலையில் பறவையின் எச்சம் போன்ற ஒரு சிறு புழு காணப்பட்டால், பெரும்பாலும் அது நசுக்கப்படும். சற்றுக் குனிந்து பொறுமையுடன் பார்ப்பவர், அது வளர்ந்து பச்சை நிறம் பெறுவதையும், கூட்டுப்புழுவாக அடங்குவதையும், ஒரு காலையில் சிறகு விரித்துச் செல்வதையும் காண்பார். அப்படி ஒருமுறை கண்டவரின் விரல் மறுமுறை நசுக்க எழாது. அகிம்சை அறிவுரையால் மட்டும் வருவதன்று. உற்றுப் பார்ப்பதாலும் வருகிறது. அவருக்குச் சில இலைகள் குறையலாம். ஆனால் ஓர் ஆசான் கிடைக்கிறார்.

இன்றிரவு தேவையற்ற பால்கனி விளக்கு ஒன்றையேனும் அணைப்போம். வழி தவறிய விட்டில்களுக்கு வானம் மீண்டும் கிடைக்கட்டும். அவ்வாறே மனத்தில் எரியும் வீண் ஆசை ஒன்றையும் அணைக்க முயல்வோம். குப்பைமேட்டிலும் வனம் எழுந்ததைக் கண்டோம். நம் உள்ளமும் அவ்வாறு மாறும். அங்கே சிற்றுயிர்களும் அச்சமின்றி வந்து அமரும். எல்லா உயிர்களிலும் உறையும் இறைவன் அந்தப் பார்வையை நமக்கு அருள்வானாக!