நான்கு வரியில் நான்

ரெஸ்யூமேயில் பெயருக்கும் போன் நம்பருக்கும் கீழே நான்கு வரி எழுதச் சொல்கிறார்கள். சம்மரி என்று பெயர். பத்து வருட அனுபவத்தை இரண்டே பக்கத்தில் அடக்கிவிடுபவர்கள்கூட இந்த நான்கு வரியில் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கிலீஷ் மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘உன்னைப் பத்தி நீயே பேசாதே’ என்று வளர்க்கப்பட்ட ஒருவரிடம் திடீரென்று ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்கிறோம்.

நன்னூல் இந்தச் சிக்கலை நேராகவே தொடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல் அது. ஒருவர் தன் நூலுக்குத் தானே சிறப்புப் பாயிரம் எழுதக் கூடாது. ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரைகாரர் ஆகியோரில் ஒருவர்தான் எழுத வேண்டும். எத்தனை துறை கரைகண்டவரானாலும் தற்புகழ்ச்சி தகாது. இப்படிச் சொன்ன கையோடு நான்கு விலக்குகளும் தருகிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே, அவையில் வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. புலவர்களுக்குச் சொன்னதுதான். ஆனால் முதல் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வேலைக்கு விண்ணப்பிப்பது வேறென்ன?

ஆக, சொல்லலாம். எதைச் சொல்வது? விலக்கு தரும் இடத்தில் நன்னூல் ‘ஆற்றல்’ என்கிறது, குணம் என்று சொல்லவில்லை. எனக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கும் பெண் தன் சம்மரியை என்னிடம் காட்டினாள். கடின உழைப்பாளி, நேர்மையானவள், சவாலான வேலை தேடுகிறேன் என்று இருந்தது.

“இதை யார் வேணும்னாலும் எழுதலாமேம்மா. நீ அங்க என்ன பண்ற?”

“பெருசா ஒண்ணுமில்லண்ணா, பில் போடுவேன்.”

கிளறிக் கேட்டபோது தெரிந்தது: மூன்று வருடமாக மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்வது அவள்தான். 40 ஜாப் ஒர்க் பார்ட்டிகளின் கணக்கை டேலியில் வைத்திருப்பதும் அவள்தான். அதையே எழுதினோம்: ‘பின்னலாடை நிறுவனக் கணக்கில் 3 வருட அனுபவம். ஜிஎஸ்டி ரிட்டர்ன் முதல் 40 ஜாப் ஒர்க் கணக்குகள் வரை டேலியில் தனியாகக் கையாள்கிறேன். ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்காளர் வேலை தேடுகிறேன்.’ பெருமைச் சொல் ஒன்றுகூட இல்லை. கூச்சமில்லாமல் வாசித்தாள்.

நேர்மையானவள் என்பது தீர்ப்பு; அதை அவளோடு வேலை பார்த்தவர்கள் சொல்ல வேண்டும். பாயிர விதியின் நியாயமும் அதுதான். ரிட்டர்ன் தாக்கல் செய்தேன் என்பது செய்தி. யாரும் சரிபார்க்கலாம்.

1482 வாக்கில் லியொனார்டோ டா வின்சி மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு எழுதிய வேலை கேட்கும் கடிதத்தின் வரைவு கிடைத்திருக்கிறது. தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், பீரங்கிகள் என்று போருக்குத் தேவையானவற்றை வரிசையாக அடுக்குகிறார். ஓவியம் கடைசியில்தான் வருகிறது. பெரிய பெரிய உரிமைகோரல்கள்தான். ஆனால் நம்பமுடியாவிட்டால் உங்கள் தோட்டத்திலேயே செய்துகாட்டுகிறேன் என்று முடிக்கிறார். சோதனைக்குத் தயாராக இருப்பவர் சொல்வதை வெறும் பீற்றல் என்று ஒதுக்க முடியாது.

பெரிய சொற்களை அள்ளிப் போடுபவருக்கு முதலில் போன் வரலாம், மறுக்கவில்லை. எனக்குக் கவலை தருவது மறுமுனை. ‘பில் போடுவேன்’ என்பது அடக்கம் மாதிரி கேட்கிறது. ஆனால் அதுவும் உண்மை இல்லையே. மூன்று வருட உழைப்பை இல்லையென்று சொல்லிவிடுகிறது. தன் வேலைக்குத் தானே சாட்சி சொல்ல மறுத்தால், அந்த வேலை வேறு யாருடைய ரெஸ்யூமேயிலாவது ஏறிவிடும்.