இரண்டு பேருக்கும் ஒரே தூண்

கியூபெக் மாகாண எல்லையைத் தாண்டியதும் முன்னால் போகிற கார்களின் நம்பர் பிளேட் மாறிவிடுகிறது. எங்கள் ஒன்டாரியோ பிளேட்டில் இருப்பது சுற்றுலாத் துறை விளம்பர வாசகம். அவர்களுடையதில் 'ஷ மெ சுவியான்' என்று இருக்கும். 'நான் நினைவில் வைத்திருக்கிறேன்.' எதை என்று சொல்வதில்லை. அங்கே காருக்குப் பின்பக்கம் மட்டும்தான் பிளேட். அதனால் நம்மை முந்திப் போனவர்கள்தான் அதை நமக்குக் காட்டுகிறார்கள்.

"யாரை மிரட்டுறாங்க?" என்றாள் மனைவி. அன்று காலையிலிருந்து அவள் பேசிய முதல் முழு வாக்கியம்.

டொரன்டோவிலிருந்து கியூபெக் நகரம் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். எங்களுடைய பத்தாவது கல்யாண நாள். ஐரோப்பாவுக்கு டிக்கெட் போடக் கட்டுப்படியாகாத தம்பதிகளுக்கு இதுதான் பாரிஸ். கோட்டைச் சுவர், கல் பாவிய தெரு, மேல் நகரத்துக்கும் கீழ் நகரத்துக்கும் நடுவே சரிவில் ஏறி இறங்கும் குட்டி ரயில் பெட்டி, கீழே செயின்ட் லாரன்ஸ் ஆறு. எல்லாப் புகைப்படத்திலும் வருகிற ஷாத்தோ ஃப்ரோந்த்நாக் அரண்மனை அல்ல, 1893இல் ரயில் கம்பெனி திறந்த ஓட்டல். அதில் தங்க வசதியில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன விடுதி, ஜன்னலோர மேசை, மெழுகுவத்தி. எல்லாம் நான் தேடித் தேடி ஏற்பாடு செய்தவை.

ஏன் அவ்வளவு மெனக்கெட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், கனடா வேலைக்கான ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவளிடம் சொன்னேன். அவள் அப்போது திருச்சியில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறாள். அந்தச் சண்டையில் நான் ஜெயித்தேன். வேறு வார்த்தை இல்லை. அதற்கப்புறம் பேச்சு எப்போது அந்தப் பக்கம் திரும்பினாலும் என்னிடம் ஒரே பதில்தான்: "எல்லாம் நல்லதுக்குத்தானே."

ஓட்டலை ஒட்டிய சின்னப் பூங்காவில் ஒரு கல் தூண் நிற்கிறது. 1759 செப்டம்பர் 13 அன்று, ஊருக்கு வெளியே ஆபிரகாம் சமவெளியில் பிரிட்டிஷ் படையும் பிரெஞ்சுப் படையும் மோதின. சண்டை அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. பிரிட்டிஷ் தளபதி வுல்ஃப் களத்திலேயே இறந்தார், வயது 32. பிரெஞ்சுத் தளபதி மோன்கால்ம் காயத்தோடு ஊருக்குள் வந்து மறுநாள் விடியலில் போய்ச்சேர்ந்தார். சில நாளில் நகரம் சரணடைந்தது. 1763 ஒப்பந்தத்தில் பிரான்ஸ் கனடாவையே விட்டுக்கொடுத்தது. அந்த இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தூண். ஒரு பக்கம் ஒருவர் பெயர், மறுபக்கம் இன்னொருவர். வீரம் இருவருக்கும் ஒரே சாவைத் தந்தது, வரலாறு ஒரே புகழைத் தந்தது, பின்வந்தோர் ஒரே நினைவுச்சின்னம் தந்தார்கள் என்ற பொருளில் ஒரு வாசகம். எழுதியிருப்பது லத்தீனில். ஆங்கிலமும் இல்லை, பிரெஞ்சும் இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெருந்தன்மை! சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இதை யார் வெச்சது?" என்றாள்.

போனில் பார்த்துச் சொன்னேன். 1827இல் அடிக்கல், அடுத்த வருஷம் முடிந்தது. வைத்தவர் பிரிட்டிஷ் கவர்னர் டல்ஹௌசி. (பள்ளியில் வாரிசு இழப்புக் கொள்கை என்று மனப்பாடம் செய்தோமே, அந்த டல்ஹௌசியின் அப்பா.)

"அதானே. ஜெயிச்சவங்களுக்குத்தான் சீக்கிரம் சமாதானமாப் போகத் தோணும்" என்று சொல்லிவிட்டுக் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

தோற்றவர்களின் கல்லறைகளை புல்டோசர் விட்டு இடித்த தீவு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் டல்ஹௌசி பெரிய மனுஷன்தான். ஆனால் அந்தத் தூணை வைக்கிற இடத்தில் இருந்தது அவர் மட்டும்தானே. மோன்கால்ம் பக்கத்து ஆட்கள் அதே தூணை எழுப்பியிருக்க முடியாது, அவர்கள் கையில் ஊரே இல்லை. 'இரண்டு பேருக்குமே நஷ்டம்தான்' என்பது ஊரைக் கையில் வைத்திருப்பவர் சொல்லும்போது ஒரு பொருளிலும், இழந்தவர் சொல்லும்போது வேறு பொருளிலும் ஒலிக்கிறது. லத்தீனும் அதற்கு வசதி. யார் யாரை என்ன செய்தார்கள் என்பதை யாருடைய தாய்மொழியிலும் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளலாம். என் லத்தீன் எது என்று யோசித்தேன். மெழுகுவத்தி, ஜன்னலோர மேசை, 800 கிலோமீட்டர். (யாருடைய நிலத்துக்காக இந்த இருவரும் அடித்துக்கொண்டார்களோ, அந்தப் பூர்வகுடிகளின் பெயர் தூணில் கிடையாது. கியூபெக் என்ற பெயரே அவர்களுடைய சொல்.)

மறுநாள் சமவெளிக்குப் போனோம். இப்போது அது பெரிய பூங்கா. இலைகள் சிவந்து, சண்டை நடந்த புல்வெளியில் ஜோடிகள் படுத்துக்கிடந்தார்கள். வுல்ஃப் விழுந்த இடத்தில் அவருக்கு மட்டும் தனியாக ஒரு தூண் இருக்கிறது. 1963இல் பிரிவினைவாதிகள் அதைக் கவிழ்த்துப் போட்டார்கள். இரண்டு வருஷம் கழித்துத் திரும்ப வைத்தபோது வாசகத்தில் ஒரே ஒரு சொல்லை எடுத்துவிட்டார்கள். முன்பு 'வெற்றியோடு இறந்தார்' என்றிருந்தது, இப்போது வெறும் 'இறந்தார்'. 2009இல், 250 ஆண்டு நிறைவுக்கு அந்தச் சண்டையை நடித்துக்காட்டத் திட்டமிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள்.

அந்தப் பெருந்தன்மைத் தூணைவிட இந்தச் சொல் நீக்கிய தூண் எனக்கு நேர்மையாகத் தெரிந்தது. மன்னிப்பும் கேட்கவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. தன்னிடமிருந்த ஒரு சொல்லைக் கீழே வைத்திருக்கிறது, அதுவும் ஒரு தடவை அடி வாங்கிய பிறகுதான். 'மறந்துடு' என்று சொல்கிற உரிமை எனக்கு இல்லையென்றால், எனக்கு மிஞ்சுவது என்ன? அவள் ஞாபகத்தில் இருப்பதை அவள் மொழியிலேயே, குறுக்கே பேசாமல் கேட்பது. ஆறு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை.

திரும்பும் வழியில், மான்ட்ரியால் தாண்டியதும் கேட்டேன். "அந்த லெட்டர் விஷயம்... உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?"

ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை. லேப் முடிச்சு வந்திருந்தேன். கையில ஆசிட் வாசனை போகலை. நீ அப்பாகிட்ட முதல்ல சொல்லிட்ட."

நான் அதை ஞாயிற்றுக்கிழமை என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். மாமாவிடம் முதலில் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. வாய் வரை வந்த 'நல்லதுக்குத்தானே'வை விழுங்கிக்கொண்டு வேகத்தைக் குறைத்தேன்.

"ம். அப்புறம்?" என்றேன்.

கிங்ஸ்டன் வரைக்கும் பேசினாள்.