எதற்குக் கரிசனை?

ஒருவர் எதில் கரிசனை வைத்திருக்கிறார் என்பதைப் பேச்சை வைத்து அறிய முடியாது. பேச்சில் எல்லோருக்கும் எல்லாவற்றிலும் அக்கறை உண்டு. அவருடைய பின்னேரங்கள் எங்கே போகின்றன என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்றைய யாழ்ப்பாணத்தில் ஒருவருடைய பின்னேரத்துக்குப் போட்டி அதிகம். ரொறன்ரோவில் மருமகள் வாங்கிய வீடு, இலண்டனில் நடந்த சாமத்தியவீடு, கொழும்பு அரசியல், எங்கோ நடக்கும் போர், அடுத்த ஒழுங்கையில் எழும்பும் மாடி, வாற மாதக் கல்யாணத்துக்கு எந்த மண்டபம் என்ற கதை என்று எல்லாம் கைபேசிக்குள்ளால் வந்து சேருகின்றன. ஒவ்வொன்றும் மனதில் ஒரு பங்கு கேட்கிறது. கேட்டதற்கெல்லாம் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனால், நாள் முழுக்கக் கவலைப்பட்ட களைப்புத்தான் மிஞ்சும். உருப்படியாக ஒன்றும் நடந்திராது.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத மண் எங்களுடையது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஊற அவகாசம் கிடைத்தது. இறைக்கும் மெசின் வந்த பிறகு ஒரே மூச்சில் இழுக்க முடிந்தது. அளவு மிஞ்சி இழுத்த இடங்களில் கீழே கிடந்த உவர் மேலே ஏறியது. மனதின் அக்கறையும் அளவுள்ளதுதான். எல்லாத் திசைக்கும் இறைத்தால், கடைசியில் வீட்டாரோடு பேசும் பேச்சிலும் உவர்தான் கரிக்கும். ஆகவே தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். நாங்கள் தேர்ந்தெடுக்காவிட்டால் ஊர் வாயும் கைபேசியும் எங்களுக்காகத் தேர்ந்தெடுத்துவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு க. மு. செல்லப்பாவின் நினைவு வரும். 1930களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் பெரிய விடயங்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. 1931இல் வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்றுக் குடாநாடு அரசாங்க சபைத் தேர்தலையே பகிஷ்கரித்திருந்தது. அந்தச் சூட்டுக்குள், 1933இல், செல்லப்பா தன் வீட்டிலிருந்த புத்தகங்களை அயலவர்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகம் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வேர் அதுதான்.

சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே இதே போன்ற ஒரு தெரிவைச் செய்திருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர். அரசாங்க உத்தியோகத்தில் உயர்ந்தவர். அந்த வாழ்வின் மதிப்போடு நின்றிருந்தாலும் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, எடுத்தால் ஓரம் உதிரும், கட்டை அவிழ்த்தால் முறியும் நிலையிலிருந்த ஏடுகளைத் தேடிப் போனார். 1881இல் வீரசோழியம், 1887இல் கலித்தொகை என்று அவை அச்சேறின. அந்த ஏடுகள் காத்திருக்கக்கூடிய நிலையில் இருக்கவில்லை.

இந்த இருவரிடமும் நான் கற்றது இதுதான். கரிசனைக்கு உரியது கைக்கு எட்டுவதாக இருக்கவேண்டும். ஊர் பார்க்காவிட்டாலும் செய்யத் தோன்றவேண்டும். எங்களுக்குப் பிறகு இன்னொருவர் ஏற்று நடத்தக்கூடியதாகவும் இருக்கவேண்டும். அடுத்த ஒழுங்கை மாடியையும் கல்யாண மண்டபத்தையும் இந்த மூன்றோடும் ஒத்துப் பாருங்கள், நிற்காது. தள்ளாத வயதில் தனித்திருக்கும் ஒரு பெரியம்மாவுக்குக் கிழமைக்கொரு தரம் மருந்து வாங்கிக் கொடுப்பது நிற்கும்.

என்னுடைய தெரிவு எங்கள் சனசமூக நிலையத்தின் வாசிகசாலை. பெரிய வேலை ஒன்றுமில்லை. அலுமாரியில் கறையான் ஏறாமல் பார்க்கவேண்டும், கழன்ற அட்டையைத் தைத்து ஒட்டவேண்டும், இரவல் கொப்பியில் திகதி போடவேண்டும். ரியூசன் முடிந்து வரும் ஒரு பெடியன் போன கிழமை கொண்டுபோன புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, சைக்கிளை விடாமலே, "இதின்ரை மற்றப் பாகம் இருக்கோ?" என்று கேட்பான். அதைத் தேடிக் கொடுப்பதற்காக நான் வேறு சிலவற்றை விட்டிருக்கிறேன். கோயில் திருவிழாக் குழுவுக்கு வரச்சொல்லி ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். "தம்பி, நீ வராட்டி எப்பிடி?" என்றார். "ஐயா, அதுக்குக் கனபேர் இருக்கினம். இந்த அலுமாரிக்கு ஒருத்தரும் இல்லை" என்றேன். அவருக்கு மனக்குறைதான். மனக்குறை வராமல் எந்தத் தெரிவும் இல்லை.

அப்படியானால் உலகத்தின் துயரம் எங்களுக்கு வேண்டாமா? போரைக் கண்டு வளர்ந்த ஊர், இன்னொரு ஊரின் அழுகைக்குக் காதைப் பொத்த முடியாது. செய்யக்கூடியது ஏதும் இருந்தால் செய்யவேண்டும்: காசு அனுப்பலாம், வீதியில் இறங்கலாம், எழுதலாம். ஆனால் படத்துக்கு மேல் படமாகத் தள்ளிப் பார்த்துப் பதறுவதை உதவி என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. அந்தப் பதற்றத்தால் துன்பப்படுகிறவருக்கு ஒரு மிடறு தண்ணீரும் கிடைக்காது.

தெரிந்தெடுத்தது நிலைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. செல்லப்பாவின் இரவல் புத்தகங்களிலிருந்து வளர்ந்த நூலகத்தை 1981ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவையொட்டி எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. அந்தக் கரிசனை வீண் போனதா? கட்டடம் மீண்டும் எழுந்தது. 2005இல் சில இளைஞர்கள் ஈழத்து நூல்களை மின்வடிவாக்கத் தொடங்கினார்கள். ‘நூலகத் திட்டம்’ என்ற அந்த முயற்சியால் அவற்றை இன்று எங்கிருந்தும் வாசிக்கலாம். தீ எடுத்தது புத்தகங்களை. புத்தகத்தைக் காக்கவேண்டும் என்ற பழக்கம் அதற்குள் பலருக்குத் தொற்றியிருந்தது.

அர்த்தமுள்ள வாழ்வு என்பதற்கு எனக்குத் தெரிந்த வழி இவ்வளவுதான். இரண்டு மூன்று காரியங்களை உங்களுடையவை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு உங்கள் பின்னேரங்களைக் கொடுங்கள். மற்றவை கேட்டு வரும்போது, அன்போடு, ஆனால் தயங்காமல், ஏலாது என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லத் துணிந்தவருடைய கைகளால்தான் ஊரில் ஏதோ ஒன்று அழியாமல் நிற்கிறது.