அச்சம் நோயா, காவலா?

சிவகாசிப் பக்கத்துத் தாயார் ஒருவர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார்கள். பட்டாசு ஆலை விபத்தில் தப்பிய அவர்களுடைய மகன், வீட்டில் தீக்குச்சி உரசும் ஓசைக்கே நடுங்குகிறானாம். ஓதிப் பார்த்தாகிவிட்டது. கண்களில் ஒரு கருவியை மாட்டி, இல்லாத நெருப்பைக் காட்டிப் பயம் தெளிவிக்கும் வைத்தியம் உண்டாமே. பொய்யைக் காட்டிக் குணப்படுத்துவது மார்க்கத்தில் ஆகுமா என்பதே கேள்வி.

அத்தகைய வைத்தியம் உண்டு. உயரத்திற்கு அஞ்சுவோருக்கு அது பலனளித்ததை 1995-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பின்னர் வியட்நாம் போரில் மனம் நொந்த வீரர்களுக்கும் செய்தனர். மருத்துவர் அருகிலிருந்து, அஞ்சும் காட்சியைப் படிப்படியாகக் காட்டுவார். அஞ்சிய கேடு நேராததைத் திரும்பத் திரும்பக் கண்டு உள்ளம் அமைதியுறும்.

இது பொய்யாகாது. அறியாதவனை நம்ப வைப்பதே ஏமாற்று. இங்கே நோயாளி, காண்பது காட்சியே என்றறிந்து, சம்மதித்தே அமர்கிறார். நோயை இறக்கிய இறைவன் நிவாரணத்தையும் இறக்கியுள்ளதாக நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்க, துஆவோடு மருந்தையும் தேடுவது தவக்குலுக்கு மாறன்று. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியின் தனியார் காப்பகமொன்றில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி, 28 பேர் மாண்டதை மறக்கலாகுமா? சங்கிலியிடுவதை 2017-ம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது.

ஆனால், அந்தத் தாயார் கேட்காத கேள்வி ஒன்றுண்டு. குணமான மகன் எங்கே போவான்? மீண்டும் மருந்து அறைக்கா? நோய் தீர்ப்பதும் மருந்து. நம் பகுதியில் வெடித்துக் கொல்வதும் மருந்து! 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயைக் கண்டு அருகே ஓடிச் சென்றவர்களும் அவர்களுள் உண்டு.

வீட்டு அடுப்புக்கு நடுங்குவது நோய், தீர்க்க வேண்டும். அளவுக்கு மீறி ஆளும் மருந்தும் அடைத்த அறைக்கு அஞ்சுவதோ, உயிருக்கு அல்லாஹ் வைத்த காவல். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் என்றறிந்ததும் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பினார்கள். அதை ஈமானின் குறை என்பார் யார்? அந்தக் காவலைக் களைந்துவிட்டு, ‘ஆபத்தில்லை, போ’ என்று கூலிக்கு அனுப்புகிறோமே, பொய் அங்கேதான் இருக்கிறது!

ஆகவே அந்தத் தாயாருக்கு நாம் சொன்னது: வைத்தியம் செய்யுங்கள், ஆலையைப் பற்றிய அவனது அச்சத்தை மட்டும் கேலி செய்யாதீர்கள். வயிற்றுப்பாட்டுக்காக அவன் அங்கேயே திரும்பாதபடி வேறு தொழிலுக்கு வழி காண்பது அவர்கள் பொறுப்பு மட்டுமன்று; ஜமாஅத்தாராகிய நம் பொறுப்புமாகும். வல்ல நாயன் அதற்குத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.