ஆகும் என்பதும் ஆகாது என்பதும்



தசலட்சண நாட்களில், உத்தம சத்தியத்திற்குரிய நாளன்று, நம் சமூகத்துப் பெண்ணொருத்தி நம் இல்லத்திற்கு வந்தாள். வந்தவாசிப் பக்கத்து உழவர் குடும்பத்தினள். தரமணியில் கணிப்பொறி அலுவலகமொன்றில் பணிபுரிபவள். அவள் தாய் நம்மிடம் பயின்றவர்.

"பாட்டி, எங்கள் வேலை இருபது நாளில் முடிந்துவிடும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லச் சொல்கிறார்கள். நாற்பது நாளாகும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால், 'உனக்கு நம்பிக்கையே இல்லை' என்கிறார்கள். ஆட்குறைப்புப் பேச்சு வேறு நடக்கிறது. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள்.

வகுப்பறையில் விடை கூறியே பழகிய நமக்கு அன்று உடனே விடை வரவில்லை. பொதுத்தேர்வு நெருங்கும் காலத்தில் எத்தனையோ பெற்றோரிடம், "கட்டாயம் தேறிவிடுவான்" என்று கூறி அனுப்பியிருக்கிறோம். அந்த ஆறுதல் அம்மாணவனுக்குச் செய்த உதவிதானா என்று இன்றும் ஐயுறுகிறோம். "இவன் தேறமாட்டான்" என்று எண்ணிக் கைவிட்டவர்களும் உண்டு. அவர்களுள் சிலர் தேறினர்!

கற்பக மரங்கள் பயன் குன்றிய காலத்தை நினைவுகூர்வோம். பசித்த மக்கள் விருஷபதேவரை அடைந்தனர். மரங்கள் மீண்டும் முன்போல் வழங்கும் என்று பகவான் தேற்றவில்லை; எல்லாம் வினைப்பயன், பொறுத்திருங்கள் என்றும் அனுப்பிவிடவில்லை. வாள், எழுத்து, உழவு, கல்வி, வணிகம், கைத்தொழில் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தார். போகபூமி போயிற்று என்பதை ஒப்புக்கொண்ட பின்னரே கருமபூமிக்கு வழி பிறந்தது. கணிப்பொறியில் எழுதி வாழும் நம் பிள்ளைகளின் பிழைப்பும் 'மசி' எனப்பெறும் அவ்வெழுத்துத் தொழிலின் கிளையே என்று கொள்வதில் பிழையில்லை.

விரும்பியது நீங்குமோ என்று நைவதும், வரப்போகும் இன்பத்தை அவாவி அலைவதும் ஆகிய இரண்டையும் நம் ஆன்றோர் ஆர்த்தத் தியானம் என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைத்தனர். இரண்டாவதற்கு நிதானம் என்று பெயர். (உலக வழக்கில் நிதானம் என்றால் பொறுமை, ஆகமத்தில் பொருளே வேறு.) எனவே, வேலை போய்விடும் என்று உறங்காதவரும், பதவி உயர்வு வந்தேதீரும் என்று கடன் வாங்கி வீடு கட்டுபவரும் ஒரே நோயினரே.

அப்பெண்ணுக்கு நாம் கூறியது ஸ்யாத்வாதம். இதனை ஐயவாதம் என்று இகழ்வார் உளர், அறியாமையே அது. ஒரு பொருளை உண்டு என்றாலும் இல்லை என்றாலும், எந்தத் திரவியம், எந்த இடம், எந்தக் காலம், எந்த நிலை பற்றிக் கூறுகிறோம் என்று வரையறுத்துச் சொல்லும் துணிவே ஸ்யாத்வாதம். "இருபது நாளில் முடியும்" என்பதும் ஏகாந்தம். "முடியவே முடியாது" என்பதும் ஏகாந்தம். எத்தனை பேர் இருந்தால், எப்பகுதியைப் பின்னுக்குத் தள்ளினால், எந்நாளுக்குள் எது முடியும் என்று எழுதிக் காட்டுமாறு கூறினோம்.

"அப்படிப் பேசுபவர்கள் முன்னேறுவார்களா, பாட்டி?" என்றாள். நியாயமான கேள்விதான். அவள் நாள்தோறும் செல்லும் தரமணியிலேயே விடை இருந்தது. அங்குள்ள ஆராய்ச்சி நிறுவனத்தை 1988இல் தோற்றுவித்தவர், 2023இல் மறைந்த வேளாண் அறிஞர் எம்.எஸ்.சுவாமிநாதன். 1968ஆம் ஆண்டு கோதுமை விளைச்சல் அதுவரை காணாத அளவில், ஏறத்தாழ 170 இலட்சம் டன்னை எட்டியது. அவ்வாண்டு சூலையில் அரசு 'கோதுமைப் புரட்சி' என்று அஞ்சல்தலையே வெளியிட்டது. அப்புரட்சிக்கு உழைத்தவர்களுள் முதன்மையானவராகிய அவர், அவ்வாண்டு சனவரியிலேயே வாரணாசியில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில், மண்வளத்தைக் காவாது மண்ணைச் சுரண்டும் வேளாண்மை முடிவில் கேட்டையே தரும் என்று எச்சரித்திருந்தார். நிலத்தடி நீரை வரம்பின்றி எடுத்தல், பூச்சிமருந்தைக் கண்டபடி தெளித்தல், பல வகைப் பயிர்களை விட்டு ஒரே வகையைப் பரப்புதல் ஆகியவற்றையும் சுட்டினார். பஞ்சாபில் நீர்மட்டம் இறங்கியதைப் பின்னர் நாடே கண்டது. எச்சரித்தவர் பணியை விடவில்லை; மண்ணும் நீரும் கெடாமல் விளைச்சலைப் பெருக்கும் 'என்றும் பசுமைப் புரட்சி'க்காக இறுதிவரை உழைத்தார். நம்பிக்கையற்றவர் என்று அவரை யாரே கூறுவர்!

பெண் புறப்பட்டுச் சென்றாள். மறுவாரம் தொலைபேசியில் அழைத்தாள். எழுதிய தாளைக் கண்டு குழுத்தலைவர் முகம் சுளித்தாராம். ஆயினும் வாடிக்கையாளர் அதனைப் படித்துவிட்டு, இன்றியமையாத பகுதியை இருபத்தைந்து நாளிலும் எஞ்சியதைப் பின்னரும் தரலாம் என்று இசைந்தாராம்.

ஆட்குறைப்புப் பட்டியலில் அவள் பெயர் உண்டா இல்லையா என்பது இன்னும் தெரியவில்லை. ஞாயிறுதோறும் புதிய கணிப்பொறி மொழியொன்றைக் கற்று வருகிறாள். வீட்டுக்கடன் விண்ணப்பத்தை மட்டும் நிரப்பாமல் வைத்திருக்கிறாள்.